எதிரணி வேண்டும்

பெண் குழந்தை வைத்திருக்கிற நம்ம புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு சனி, ஞாயிறு என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. கார் டிக்கியில் மடக்கு நாற்காலி, டப்பாவில் தயிர் சாதம், இரண்டு மணி நேரம் டிரைவிங், ஒன்றரை மணி நேரம் மேட்ச். பத்து வயதிலேயே டிரையல்ஸ். பன்னிரண்டு வயதில் ஏ டீம், பி டீம். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகள் கேட்கிற கேள்வியும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "ஒரு பந்தை உதைக்க இவ்வளவு தூரம் போகணுமா?"

நியாயமான கேள்வி. போகணும் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்ல நம்ம ஊர்ப் பக்கத்துச் சரித்திரம் கொஞ்சம் வேண்டும்.

நம்ம ஊர் என்று நான் சொல்வது பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையோரம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு ஒரு பக்கம்; மறையூர், மூணாறு, தேவிகுளம் இன்னொரு பக்கம். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், வீட்டில் பேச்சு தமிழில் இருக்கும்.

இந்த இரண்டு மாவட்டங்களும் விளையாட்டில் சாதாரணப்பட்டவை அல்ல. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியப் பெண்கள் ஓடி வாங்கிய தங்கங்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள். ஷைனி வில்சன் தொடுபுழாக்காரர். 2002 புசானில் 800 மீட்டரில் தங்கம் வாங்கிய கே.எம். பீனாமோள் இடுக்கி. 2010 குவாங்சோவில் 10,000 மீட்டர் தங்கம் வாங்கிய பிரீஜா ஸ்ரீதரனும் இடுக்கி. 1982 டெல்லியில் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கிய எம்.டி. வல்சம்மா கண்ணூர்க்காரர் என்றாலும் படித்தது பாலக்காடு மெர்சி கல்லூரியில். 2017 ஆசிய தடகளப் போட்டியில் 1,500 மீட்டர் தங்கம் வாங்கிய பி.யு. சித்ரா பாலக்காடு முண்டூர்ப் பெண்.

இவ்வளவு ஓட்டக்காரிகளைக் கொடுத்த மண், கால்பந்தில் ஏன் இப்படி ஒரு பட்டியலைக் கொடுக்கவில்லை? திறமை இல்லையா? இதே கால்கள்தானே?

எனக்குத் தோன்றும் விடை எளிமையானது. ஓடுவதற்கு ஒரு பெண், ஒரு வாத்தியார், ஒரு ரோடு, ஒரு ஸ்டாப் வாட்ச் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். நேற்றைய நேரத்தோடு இன்றைய நேரம் போட்டி போடும். கால்பந்துக்கு அது போதாது. பதினோரு பேர் வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தப் பக்கத்திலும் பதினோரு பேர் வேண்டும். அதுவும் ஒரு வாரம் வந்துவிட்டு மறு வருஷம் வருகிற எதிரணி அல்ல, வாராவாரம் வருகிற எதிரணி.

மூணாறையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களில் சுதந்திரத்துக்கு முன்பிருந்தே ஃபின்லே கோப்பை என்று ஒரு கால்பந்துப் போட்டி நடந்து வருகிறது. ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனி காலத்தில் ஆரம்பித்தது, டாடா காலத்திலும், 2005க்குப் பிறகு தொழிலாளர்களும் பங்குதாரர்களான கம்பெனியின் காலத்திலும் தொடர்கிறது. ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் ஓர் அணி. எதிரணி அடுத்த மலையிலேயே இருக்கிறது! லயத்து வீட்டுப் பையன்கள் அப்பா, மாமா ஆடுவதைப் பார்த்தே ஆட்டம் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் அந்தத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளும் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் போனஸுக்காக மூணாறையே நிறுத்திக் காட்டியவர்களும் இந்தத் தமிழ்ப் பெண்கள்தான். கோப்பைக்கு ஆடியது ஆண் தொழிலாளர்கள். பெண்கள் ஓரமாக நின்று பார்த்தார்கள்.

கேரளத்தில் பெண்கள் கால்பந்தே இல்லையா என்றால், இருந்தது. பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: 1980 ஜனவரியில் ஆசிய மகளிர் கால்பந்துப் போட்டியை நடத்தியதே கோழிக்கோடுதான். 1975ல் தொடங்கிய இந்திய மகளிர் கால்பந்து சம்மேளனம் அப்போது ஆண்கள் சங்கத்திலிருந்து தனியாக இயங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவிலிருந்து வடக்கு, தெற்கு என்று இரண்டு அணிகள் இறங்கின. தெற்கு அணி ஃபைனல் வரை போய் தைவானிடம் 2-0 என்று தோற்றது. 1983ல் பாங்காக்கில் மறுபடியும் இரண்டாமிடம். ஆசியாவில் இரண்டாமிடம், அதுவும் இரண்டு தடவை!

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? 1990களின் தொடக்கத்தில் மகளிர் கால்பந்து அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் கீழ் வந்தது. மற்ற நாடுகள் பெண்களுக்கு லீக் ஆரம்பித்த காலத்தில் நாம் வருஷத்துக்கு ஒரு தேசியப் போட்டியோடு நிறுத்திக்கொண்டோம். தேசிய அணிக்கே ஆட்டங்கள் இல்லாமல் போய், 2009ல் ஃபிஃபா தரவரிசைப் பட்டியலிலிருந்து இந்தியாவின் பெயரே எடுக்கப்பட்டது. வங்கியில் பல வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கைச் செயலற்ற கணக்கு என்று ஒதுக்கிவிடுவோம். பணம் உள்ளே இருக்கும், கணக்கு மட்டும் தூங்கும். அதே கதைதான்.

அந்தத் தூக்கக் காலத்திலும் விளக்கை அணையாமல் வைத்திருந்தவர்கள் சில தனி மனிதர்கள். கோழிக்கோடு நடக்காவு அரசுப் பெண்கள் பள்ளியில் 2003லிருந்து பெண்களுக்குப் பந்து சொல்லிக்கொடுத்தவர் ஃபௌசியா மம்பட்டா. 2021 பிப்ரவரியில் காலமானார். மலபாரில் ஒரு முஸ்லிம் பெண் விசில் ஊதிக்கொண்டு மைதானத்தில் நின்றதே அந்த நாளில் பெரிய விஷயம்.

தமிழ்நாட்டுப் பக்கம் கடலூரில் மாரியப்பன். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரப் பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஆட வைத்தார். கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார், தமிழ்நாடு போலீஸில் சப் இன்ஸ்பெக்டரும் ஆனார். 2018 பிப்ரவரியில் கட்டக்கில் நடந்த தேசியப் போட்டி ஃபைனலில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வென்றது. அதுதான் தமிழ்நாட்டின் முதல் பட்டம். 2023ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று இரண்டாவது.

மணிப்பூரை வெல்வது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? தேசியப் பட்டத்தை இருபது தடவைக்கு மேல் வென்ற மாநிலம் அது. மக்கள்தொகையில் நம்ம ஒரு பெரிய மாவட்டம் அளவுதான். ஆனால் இம்பால் பள்ளத்தாக்கில் பெண்கள் கிளப்புகள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. எதிரணியைத் தேடி ரயில் ஏற வேண்டாம். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சரி, கிளப்புகளுக்கு வருவோம். இந்திய மகளிர் லீக் ஆரம்பித்தது 2017ல்தான். முதல் வருஷம் ஆறு அணிகள், டெல்லியில் மூன்று வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பட்டம் வென்ற அணியே ஆடியது ஏழு ஆட்டம். 'லீக்' என்று பெயர், உண்மையில் ஒரு திருவிழா!

இருந்தாலும் அதில் தெற்குக்கு நல்ல காலம் பிறந்தது. 2019 மே மாதம் மதுரை சேது எஃப்.சி. பட்டம் வென்றது. 2020 பிப்ரவரியில் கோழிக்கோட்டுக் கிளப்பான கோகுலம் கேரளா வென்றது. 2022, 2023லும் கோகுலமே. வரைபடத்தை விரித்துப் பாருங்கள். இடுக்கி மலையிலிருந்து கிழக்கே இறங்கினால் மதுரை சேது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே போனால் கோகுலம். நம்ம எல்லையோரம் இரண்டு சாம்பியன் கிளப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சேது பட்டம் வென்ற வருஷம் அந்த அணிக்கு ஆடியவர்களில் ஒருவர் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி. அடுத்த வருஷம் கோகுலம் வென்றபோது தொடரில் அதிக கோல் அதே சபித்ராதான், கோகுலம் சட்டையில்! இதில் தப்பே இல்லை. நல்ல ஆட்டக்காரியை விலைக்கு வாங்குவது கிளப்பின் வேலைதான். ஆனால் வங்கிக்காரன் புத்தி ஒன்றைக் கேட்கிறது: கோப்பை வரவில் வந்துவிட்டது, பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு முதலீடு எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? கோப்பை வாங்க ஒரு சீசன் போதும். ஆட்டக்காரி உருவாகப் பத்து வருஷம் ஆகும். அந்தப் பத்து வருஷச் செலவை இதுவரை ஏற்றவர்கள் பெரும்பாலும் அரசுப் பள்ளிகளும், ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்களும், பெயர் தெரியாத பி.டி. வாத்தியார்களும்தான்.

2022 ஆகஸ்டில் நடந்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. ஆசிய மகளிர் கிளப் போட்டியில் ஆட கோகுலம் பெண்கள் உஸ்பெகிஸ்தான் போய் இறங்கிவிட்டார்கள். முந்தைய வருஷம் ஜோர்டானில் நான்கு அணிகளில் மூன்றாவதாக வந்து, ஒரு வெற்றியும் பெற்ற அணி. சரியாக அந்த நேரத்தில் மூன்றாம் தரப்புத் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா இந்திய சம்மேளனத்தைத் தடை செய்தது. கிளப் பிரதமரிடம்கூட முறையிட்டுப் பார்த்தது. பதினோரு நாளில் தடை நீங்கியது, ஆனால் போட்டி கை நழுவிப் போய்விட்டது. எதிரணி மைதானத்தில் காத்திருக்கிறது, நம் பெண்கள் ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நிர்வாகிகளின் சண்டைக்கு அபராதம் கட்டியது அவர்கள்.

அதே வாரம் வேறொன்றும் நடந்தது. கோகுலத்திலிருந்து சைப்ரஸ் கிளப்பான அப்போலனுக்குப் போயிருந்த பஞ்சாப் பெண் மனிஷா கல்யாண், ஆகஸ்ட் 18 அன்று ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியப் பெண்ணானார். வெளியே போன ஒருத்திக்கு எதிரணி கிடைத்தது. சேர்ந்து போன அணிக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 11. பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை, புவனேஸ்வரம். இந்தியா 0, அமெரிக்கா 8. அடுத்து மொராக்கோவிடம் 3-0, பிரேசிலிடம் 5-0. நம் பெண்கள் மாதக்கணக்கில் முகாமில் பயிற்சி எடுத்தவர்கள்தான். உடம்பு தயார், மனசு தயார். குறைந்தது ஆட்டங்கள்.

அந்த எட்டு கோலுக்குப் பின்னால் இருப்பது இங்கே நாம் வாராவாரம் பார்க்கிற ஏற்பாடுதான். 1972ல் அமெரிக்கா கொண்டுவந்த 'டைட்டில் நைன்' சட்டம் கல்லூரிகளில் பெண்கள் விளையாட்டுக்குக் கதவு திறந்தது. ஸ்காலர்ஷிப் வந்ததும் கிளப்புகள் பெருகின. 2009ல் நாற்பது கிளப்புகள் சேர்ந்து ஈ.சி.என்.எல். என்ற பெண்கள் லீகை ஆரம்பித்தன. 2017ல் அமெரிக்க சம்மேளனம் போட்டியாக டெவலப்மென்ட் அகாடமி ஆரம்பித்து, அதில் சேர்ந்த பெண்கள் தங்கள் பள்ளி அணிக்கு ஆடக்கூடாது என்றது. 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், அதை மூடிவிட்டது. அந்தக் கிளப்புகள் பல உடனே வேறு லீகுகளில் சேர்ந்துகொண்டன. சம்மேளனம் கைவிட்டாலும் எதிரணி இருந்தது.

அதற்காக இந்த ஏற்பாடு சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பீஸ் கட்டுகிற நமக்குத் தெரியும். காசு உள்ள வீட்டுப் பெண் ஆடுவாள், இல்லாத வீட்டுப் பெண் வேடிக்கை பார்ப்பாள். நடக்காவிலும் கடலூரிலும் ஆடிய பெண்களின் பெற்றோர் இந்தச் சந்தையில் வாசலைக்கூடத் தாண்டியிருக்க முடியாது. அவர்களிடம் இலவசப் பயிற்சி இருந்தது, ஆட்டங்கள் இல்லை. இங்கே ஆட்டங்கள் இருக்கின்றன, இலவசம் இல்லை. இரண்டும் சேர்ந்தால்?

கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது என்பதும் உண்மை. இந்திய மகளிர் லீக் 2023-24ல் சொந்த ஊர், எதிர் ஊர் என்ற முறைக்கு மாறியது. அணிக்குப் பன்னிரண்டு ஆட்டம். 2024-25ல் பதினான்கு. முதல் வருஷத்து ஏழிலிருந்து இரட்டிப்பு. 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அதற்காக அமைத்த குழுவில் இந்தியாவோடு தைவானும் வந்தது. கோழிக்கோட்டு ஃபைனலில் நம்மை வென்ற அதே தைவான்!

அந்தத் தகுதிச் சுற்றில் மங்கோலியாவுக்கு எதிராக கோல் அடித்தவர்களில் ஒருவர் காசர்கோட்டுப் பெண் பி. மாளவிகா. அப்போது அவருடைய கிளப் கோழிக்கோட்டில் இல்லை, மதுரை சேது. ஒரு மலையாளப் பெண் எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் ஆடி இந்திய அணிக்குப் போகிறாள். பெரியவர்களுக்கு எல்லை தடையில்லை.

பதிமூன்று வயதுப் பெண்ணுக்குத்தான் தடை. பள்ளி விளையாட்டு என்பது உப மாவட்டம், மாவட்டம், மாநிலம் என்று அரசாங்கக் கோட்டைப் பிடித்தே போகும். கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் பக்கத்திலிருக்கும் பொள்ளாச்சிப் பெண்களோடு மோத மாட்டார்கள். மறையூர்ப் பெண்ணுக்கு சின்னாறு வழியாக இறங்கினால் உடுமலைப்பேட்டை. போட்டிக்கு அங்கே போக வழியில்லை. சந்தைக்கும், கல்யாணத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும் தினம் தாண்டுகிற எல்லை, பந்துக்கு மட்டும் சுவராக நிற்கிறது.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யணும் என்று நம்மில் பலர் பணம் அனுப்புகிறோம். பெரும்பாலும் கோப்பை, ஜெர்சி, மேடை, பேனர் என்று போகிறது. இனிமேல் அனுப்பினால் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: இந்தப் பணம் ஒரு வேனுக்கும், இருபது பெண்களின் மதியச் சாப்பாட்டுக்கும். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு மாதம் இரண்டு ஆட்டம். இந்த மாதம் நீங்கள் போங்கள், அடுத்த மாதம் அவர்கள் வரட்டும். தோற்றாலும் பரவாயில்லை, மறுபடி ஆடினால் போதும்.

அங்கே வாத்தியார் இருக்கிறார், பந்தும் இருக்கிறது. எதிரணிக்குப் போய்ச் சேர பஸ் காசுதான் இல்லை.