சாளரம் யாருடைய ஆளுகையில்? பழைய சாளர முறைமைகளின் மீட்பும் இன்றைய கணினிப் பண்பாடும்

1. ஆய்வுக் கேள்வி

கணினித் திரையில் சாளரத்தைத் திறப்பதும் இழுத்து நகர்த்துவதும் மூடுவதும் இன்று யாரும் யோசித்துச் செய்கிற காரியங்கள் அல்ல. இவை இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று எண்ணும் அளவுக்குப் பழகிவிட்டன. ஆனால் 1970களின் தொடக்கத்திலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை நிலைமை வேறு. சாளரம் என்றால் என்ன, அதை வரையும் பொறுப்பு யாருக்கு, அதன் நடத்தையை மாற்றும் உரிமை யாருக்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆய்வகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாத விடைகளைத் தந்தன. அவற்றுள் பெரும்பாலானவை சந்தையில் தோற்றன. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவற்றுள் சில மீண்டும் இயங்கும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டிருக்கின்றன.

நான்கு முறைமைகளின் வரலாற்றை இக்கட்டுரை பின்தொடர்கிறது: ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஆல்டோ மரபு, பெல் ஆய்வகத்தின் பிளிட் மரபு, எம்.ஐ.டி.யின் எக்ஸ், சன் நிறுவனத்தின் நியூஸ். சாளரத்தின் மீதான ஆளுகை படிப்படியாகப் பயனரிடமிருந்து விலகிச் சென்றது என்பதும், பழைய முறைமைகளை இயக்கிப் பார்ப்பது அந்த விலகலை அளந்தறியும் ஆய்வு முறை என்பதும் இதன் வாதம்.

2. ஆல்டோ மரபு: திறந்தே இருந்த நிரல்

ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1973-இல் உருவான ஆல்டோ கணினியின் திரை 606 புள்ளி அகலமும் 808 புள்ளி உயரமும் கொண்டது. ஒரு தாளை நிமிர்த்தி வைத்த வடிவம். ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஒரு பிட் ஒதுக்கினால் முழுத்திரைக்கு ஏறத்தாழ 60 கிலோபைட் தேவை. தொடக்க மாதிரியின் மொத்த நினைவகமே 128 கிலோபைட்தான். கைவசம் இருந்த நினைவகத்தில் ஏறக்குறைய பாதியை, மனிதக் கண்ணுக்குக் காட்டுவதற்காகவே ஒதுக்க அந்த ஆய்வகம் துணிந்தது. கணிப்பு நேரத்தைச் சிக்கனமாகப் பங்கிட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது முன்னுரிமைகளையே தலைகீழாக்கிய முடிவு.

அந்தப் புள்ளித் திரளை விரைவாக நகர்த்த டான் இங்கால்ஸ் 1975-இல் உருவாக்கிய ‘பிட்பிளிட்’ என்ற செயல், பின்வந்த சாளர முறைமைகளுக்கெல்லாம் அடித்தளமானது. நினைவகத்தின் ஒரு செவ்வகப் பகுதியை இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் இந்த ஒரே செயலால் எழுத்தை வரையலாம், பக்கத்தை உருட்டலாம், பட்டியலைக் காட்டி மறைக்கலாம். அந்த ஆய்வகத்தின் ஸ்மால்டாக் என்ற நிரலாக்கச் சூழலில் ஒன்றன்மேல் ஒன்று படியும் சாளரங்கள் இதன் துணையோடு வேரூன்றின.

ஸ்மால்டாக்கின் சிறப்பு தோற்றத்தோடு நின்றுவிடவில்லை. 1979 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனக் குழு பார்வையிட வந்தபோது, எழுத்து வரிவரியாகத் தாவி உருள்வது சீராக இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னதையும், முறைமையை நிறுத்தாமலே இங்கால்ஸ் அதை அங்கேயே மாற்றிக் காட்டியதையும் ஸ்மால்டாக்கை வடிவமைத்த ஆலன் கே நினைவுகூர்ந்திருக்கிறார். ஆப்பிள் தன் கணினிகளில் சாளரத்தையும் சுட்டியையும் கொண்டுவந்தது. சாளரத்தை அதன் பயனரே அந்தக் கணத்தில் திருத்தும் ஆற்றலை மட்டும் கொண்டுவரவில்லை.

அதே ஆய்வகத்தின் இன்டர்லிஸ்ப் என்ற நிரலாக்கச் சூழலிலும் இந்த ஆற்றல் இருந்தது. அங்கே ஒவ்வொரு சாளரத்துக்கும் ஒரு பண்புப் பட்டியல் உண்டு. சுட்டியின் பொத்தானை அழுத்தினால் எந்தச் சார்பு இயங்க வேண்டும், சாளரத்தை மறுபடி வரைவது எது, மூடும்போது நடப்பது என்ன என்பவை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். பயனர் அதைப் படிக்கலாம். ஒரு வரி எழுதி மாற்றலாம். பயன்படுத்துபவருக்கும் உருவாக்குபவருக்கும் இடையே சுவர் இல்லை.

3. பிளிட் மரபு: குறைவாகச் செய்யும் துணிவு

பெல் ஆய்வகத்தில் ராப் பைக்கும் பார்ட் லொகான்தியும் 1982-இல் உருவாக்கிய பிளிட், யுனிக்ஸ் கணினியோடு கம்பியால் இணைந்த ஒரு முனையம். 800-க்கு 1024 புள்ளித் திரை, 68000 செயலி, 256 கிலோபைட் நினைவகம். ஒவ்வொரு சாளரமும் தனி முனையம் போலவே இயங்கியது. வேண்டுமானால் அதற்குள் ஒரு நிரலை இறக்கி முனையத்திலேயே ஓடவிடலாம். மேலிருக்கும் சாளரம் மறைத்திருந்தாலும் கீழிருப்பது தொடர்ந்து வரைந்துகொண்டிருக்க வழிசெய்த பைக்கின் ‘படலங்கள்’ நுட்பம் இதன் முதன்மைப் பங்களிப்பு. ஒரு வேலை முடியக் காத்திருக்கும் நேரத்தில் இன்னொன்றைச் செய்வது யுனிக்ஸ் பயனருக்குக் கண்முன்னே சாத்தியமானது.

இம்மரபு அதே ஆய்வகத்தின் பிளான் 9 இயங்குதளத்தில் முதிர்ச்சி பெற்றது. 1991-இல் பைக் விவரித்த 8½ என்ற சாளர முறைமை, தன்னை ஒரு கோப்பு வழங்கியாகவே அமைத்துக்கொண்டது. ஒவ்வொரு சாளரத்துக்குள்ளும் ஓடும் நிரலுக்குத் திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவை கோப்புகளாகத் தெரியும். அவை உண்மைக் கருவிகளா, சாளர முறைமை தரும் பிரதிகளா என்று நிரல் அறிய வேண்டியதில்லை. ஆகவே 8½ தன் சாளரம் ஒன்றுக்குள்ளேயே தன்னை மறுபடி ஓடவிட முடிந்தது. அதன் வழித்தோன்றலான ரியோவும் இந்தக் கொள்கையில் நிற்கிறது.

ரியோவை இன்று இயக்குபவர் முதலில் காண்பது அதில் இல்லாதவற்றைத்தான். தலைப்புப் பட்டை இல்லை, மூடும் பொத்தான் இல்லை, சின்னங்கள் இல்லை. சுட்டியின் மூன்றாம் பொத்தானை அழுத்தினால் புதிது, அளவு மாற்று, நகர்த்து, நீக்கு, மறை என்று ஒரு சிறு பட்டியல் வரும். சாளரத்தில் தெரியும் எழுத்து எதுவானாலும் திருத்தலாம். திருத்தியதையே கட்டளையாக அனுப்பலாம். பயனரின் கவனத்தைக் கோரும் எதுவும் அந்தத் திரையில் தானாக முளைப்பதில்லை.

4. எக்ஸ்: நடுநிலை என்னும் கொள்கை

ஸ்டான்ஃபோர்டில் பால் அசென்டேயும் பிரையன் ரீடும் உருவாக்கிய டபிள்யூ என்ற முறைமையை 1984-இல் எம்.ஐ.டி.யின் பாப் ஷைஃப்ளர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு கட்டளைக்கும் விடை வரும்வரை காத்திருக்கும் அதன் நெறிமுறையைக் காத்திருக்காத நெறிமுறையாக மாற்றினார். ஆங்கில நெடுங்கணக்கில் அடுத்த எழுத்தான எக்ஸ் பெயரானது. டெக், ஐபிஎம் என்று பல நிறுவனங்களின் கணினிகளை வளாகம் முழுவதும் இணைக்க முயன்ற அதீனா திட்டத்துக்கு இதுவே பொருத்தமாக அமைந்தது. ஷைஃப்ளரும் ஜிம் கெட்டிஸும் வகுத்த வடிவம் 1987 செப்டம்பரில் எக்ஸ் 11 ஆக வெளிவந்தது.

எக்ஸின் அடிப்படைக் கொள்கை, வழிமுறையைத் தருவது, கொள்கையைத் திணிக்காதிருப்பது. சாளரத்துக்கு எல்லை எப்படி இருக்க வேண்டும், எது மேலே வர வேண்டும் என்பவற்றை, பயனரின் திரையைக் கையாளும் நிரலான எக்ஸ் வழங்கி முடிவு செய்வதில்லை. அந்த வேலைக்குச் சாளர மேலாளர் என்ற தனி நிரல் உண்டு. அதுவும் மற்ற நிரல்களைப் போன்ற ஒன்றுதான். பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் மாற்றலாம். டிடபிள்யூஎம், எஃப்விடபிள்யூஎம், விண்டோ மேக்கர் என்று சாளர மேலாளர்கள் பெருகியதற்கு இக்கொள்கையே காரணம். பொதுத் தோற்றம் ஒன்று இல்லாமல் யுனிக்ஸ் நிறுவனங்கள் ஓபன் லுக், மோட்டிஃப் என்று அணி பிரிந்து மோதியதற்கும் அதே கொள்கைதான் காரணம்.

எக்ஸ் வென்றதற்கு நுட்பச் சிறப்பை விட உரிமமே பெரிய காரணம். எம்.ஐ.டி. மூல நிரலை யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. போட்டி நிறுவனங்கள் ஒன்றன்மேல் ஒன்று நம்பிக்கை வைக்காமலே பொதுவாக ஏற்கக்கூடிய பொருளாக அது அமைந்தது.

5. நியூஸ்: தோற்றதன் பாடம்

இதற்கு நேர்மாறான பாதை சன் நிறுவனத்தின் நியூஸ். ஜேம்ஸ் காஸ்லிங்கும் டேவிட் ரோசென்தாலும் 1980களின் நடுவில் உருவாக்கிய இது, அச்சுப்பொறிகளுக்கு உரிய போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை விரிவாக்கி அதையே சாளர முறைமையாக்கியது. திரையில் எதை வரைய வேண்டும் என்று கட்டளைகளை ஒவ்வொன்றாக அனுப்புவதற்குப் பதிலாக, ஒரு நிரலையே வழங்கிக்கு அனுப்பிவிடலாம். பட்டியல் திறப்பதும் பொத்தான் அழுந்துவதும் பயனரின் கணினியிலேயே முடியும். வலையமைப்பின் தாமதம் குறுக்கிடாது. சாளரம் செவ்வகமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இன்று இணைய உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்ட் செய்யும் வேலையின் முன்னோடி வடிவம் இது. காஸ்லிங் பின்னர் ஜாவா மொழியை உருவாக்கினார். ஆனால் நியூஸின் மூல நிரல் சன் நிறுவனத்தின் உரிமத்துக்குள் இருந்தது. இலவசமாகக் கிடைத்த எக்ஸுக்கு எதிரே மற்ற நிறுவனங்கள் அதை ஏற்கத் தயங்கின. 1993-இல் சன் பொது மேசைச்சூழலான சி.டி.இ.யின் பக்கம் சேர்ந்தபோது நியூஸின் கதை முடிந்தது.

6. மீட்பின் வரலாறு

மீட்புப் பணிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், உரிமமே தலைவாசல் என்பது விளங்கும். சி.டி.இ. 2012-இல் கட்டற்ற உரிமத்தில் வெளிவந்தது. இன்று லினக்ஸிலும் பிஎஸ்டி இயங்குதளங்களிலும் ஓடுகிறது. கணினி வரலாற்று அருங்காட்சியகம் ஜெராக்ஸின் ஒப்புதலோடு 2014-இல் ஆல்டோவின் மூல நிரலை வெளியிட்டது. அதே ஆண்டில் இங்கால்ஸும் சக ஆய்வாளர்களும் ஸ்மால்டாக்-78-ஐ ஜாவாஸ்கிரிப்ட் வழியே உலாவியில் உயிர்ப்பித்தனர். 2016-இல் ஒரு தன்னார்வக் குழு உண்மையான ஆல்டோ ஒன்றைப் பழுதுநீக்கி இயக்கத் தொடங்கியது. இன்டர்லிஸ்ப் சூழலின் மெட்லி வடிவம், சி மொழியில் எழுதிய எமுலேட்டர் ஒன்றின் துணையோடு இன்றைய கணினிகளில் இயங்குகிறது. 2021-இல், பெல் ஆய்வகத்தின் உடைமையாளரான நோக்கியா பிளான் 9-இன் உரிமையை அதற்கென அமைந்த அறக்கட்டளைக்கு மாற்றிக்கொடுத்தது.

நியூஸுக்கு இத்தகைய விடுதலை வாய்க்கவில்லை. பழைய சன் இயங்குதளத்தை எமுலேட்டரில் ஏற்றி அதன் ஓடும் வடிவத்தைக் காணலாம். மூல நிரலைச் சட்டப்படி வெளிப்படையாகப் படிக்கவோ திருத்தவோ வழியில்லை. நான்கனுள் காலத்தை மிகவும் முந்திச் சென்ற முறைமையை ஆராய்வதே மிகவும் கடினமாக இருக்கிறது.

நிறுவனங்களின் நிலையாமை இன்னொரு தடை. ஆல்டோவுக்கான ‘கான்ட்ரால்டோ’ எமுலேட்டரை உருவாக்கிய சியாட்டில் நகரின் லிவிங் கம்ப்யூட்டர்ஸ் அருங்காட்சியகம் 2020-இல் மூடியது. மறுபடி திறக்காது என்ற அறிவிப்பு 2024-இல் வந்தது. எமுலேட்டரின் மூல நிரலை வெளியிட்டிருந்ததால், அருங்காட்சியகம் போன பின்னும் அந்தப் பணி நிலைக்கிறது.

7. இன்றைய பண்பாடு: பெற்றதும் இழந்ததும்

கடந்த காலத்தைப் பொற்காலமாக்குவது ஆய்வுக்குத் துரோகம். எக்ஸின் வழக்கமான அமைப்பில், ஒரு வழங்கியோடு இணைந்த எந்த நிரலும் மற்ற நிரல்களுக்குச் செல்லும் விசையழுத்தங்களைக் கவனிக்க முடியும். ஒருவரையொருவர் அறிந்த வளாகத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய இந்தக் குறை, வங்கிக் கணக்கைத் திரையில் கையாளும் காலத்தில் ஆபத்து. கிறிஸ்டியன் ஹெக்ஸ்பெர்க் 2008-இல் தொடங்கிய வேலாண்ட் என்ற சாளர முறைமை நிரல்களை ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துவைத்தது; அதுவே இதற்கான தீர்வு.

தமிழ் எழுத்தும் இந்த வரலாற்றில் உரைகல்லாக நிற்கிறது. எக்ஸின் அடிப்படை எழுத்துரு முறை ஓர் எண்ணுக்கு ஓர் உருவை எடுத்து இடமிருந்து வலமாக அடுக்கியது. ‘கொ’ என்பதில் மெய்க்கு இருபுறமும் உயிர்க்குறி பிரிந்து நிற்பதை அதனால் அறிய முடியாது. 1990களின் இறுதியில் திஸ்கி என்ற தமிழ்க் குறியேற்றம் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்ததற்கு இத்தகைய முறைமைகளின் வரம்பே காரணம். கென் தாம்ப்சனும் பைக்கும் 1992-இல் வகுத்த யூடிஎஃப்-8-ஐ முழுமையாக ஏற்ற பிளான் 9-கூட ஒவ்வொரு குறியையும் தனித்தனியாகவே வரைகிறது; ‘கெ’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னே விழும். பழைய முறைமைகளின் எளிமையில் ஒரு பகுதி, நம்முடையவை போன்ற எழுத்துகளைக் கணக்கில் எடுக்காததால் கிடைத்தது. இன்றைய உரைவடிவாக்க நூலகங்களின் சிக்கல் நியாயமான சிக்கல்.

இழப்பு வேறோரிடத்தில் இருக்கிறது. வேலாண்ட் அமைப்பில் திரை வழங்கியும் சாளர மேலாளரும் ஒரே நிரலாக இணைந்துவிட்டன. சாளர மேலாளரை மட்டும் கழற்றி மாற்றும் எளிமை போய்விட்டது. 2025-இல் வெளியான, ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் இயங்குதளத்தின் பத்தாம் பதிப்பில் தனி எக்ஸ் வழங்கி இல்லை. கைப்பேசியில் ஒரு செயலி திரை முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. இரண்டை அருகருகே வைத்து ஒப்பிடுவதே விதிவிலக்காகிவிட்டது. உலாவி, நியூஸ் கனவு கண்டதைச் சாதித்திருக்கிறது. ஆனால் அதற்குள் இறங்கும் நிரல் பெரும்பாலும் சுருக்கித் திரித்த வடிவில் வருகிறது. பயனர் படிக்கும் நோக்கில் யாரும் அதை அனுப்புவதில்லை. பாதுகாப்புக்காக ஒரு நிரலை இன்னொன்றிலிருந்து மறைப்பதும், கணினியின் நடத்தையை அதன் உடைமையாளரிடமிருந்தே மறைப்பதும் வேறுவேறு. முதலாவது தேவை. இரண்டாவதை அதன் தவிர்க்க முடியாத விளைவாக ஏற்றுக்கொள்ளக் காரணம் இல்லை.

8. முடிவுரை

இந்த வரலாறு மூன்று முடிவுகளுக்கு இட்டுச் செல்கிறது. ஒன்று, நுட்பத்தின் தகுதியை விட மூல நிரலின் உரிமமே ஒரு முறைமையின் நெடுவாழ்வைத் தீர்மானித்திருக்கிறது. ஆகவே கைவிடும் மென்பொருளின் மூல நிரலை வெளியிடுவதை நிறுவனங்களின் கடமையாக்க வேண்டும். இரண்டு, கணினித் துறை மாணவர்கள் மெட்லியையும் ரியோவையும் ஆய்வகப் பாடமாக இயக்கிப் பார்க்க வேண்டும். இயங்குதளத்துக்கும் வரைகலைக்கும் உரிய கருத்துகளை ஒரு மாணவர் முழுமையாகப் படித்து முடிக்கக்கூடிய அளவில் அவை தருகின்றன. பாடநூல் படம் அதைத் தராது. மூன்று, புதிதாக எழுதப்படும் சாளர முறைமைகளை வேகம், அழகு, பாதுகாப்பு ஆகியவற்றோடு நான்காவது அளவுகோல் ஒன்றாலும் மதிப்பிட வேண்டும்: தன் திரையில் நடப்பதற்கான காரணத்தைப் பயனர் கண்டறிய முடிகிறதா, கண்டறிந்ததை மாற்ற முடிகிறதா? ஐம்பது ஆண்டுகளுக்கு முன் 128 கிலோபைட் நினைவகத்துக்குள் இந்த அளவுகோலை நிறைவு செய்தவர்கள் இருந்தார்கள். அதைவிடப் பல்லாயிரம் மடங்கு வளம் கைவசம் இருக்கும் இன்று, அதை முடியாத செயல் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.