தட்டில் ஏறிய தோடி

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் ரயில் பாதையில் ஆடுதுறையைத் தாண்டியதும் நரசிங்கம்பேட்டை. அங்கே ஆச்சா மரத்தில் நாயனம் என்கிற நாகஸ்வரம் கடைவதைச் சென்ற வாரம் பார்த்தோம். பக்கத்து ஊர்தான் திருவாவடுதுறை. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே நாகஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளைதான் நினைவுக்கு வருவார்.

1898-ல் திருமருகலில் பிறந்தவர். முதலில் பயின்றது வாய்ப்பாட்டு. நாயனத்தைக் கையில் எடுத்தபோதும் தொண்டை பாடுவதை மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

சுவாமி புறப்பாட்டில் அவர் தோடி ராகத்தை எடுத்தால் மணிக்கணக்கில் போகும்; வீதியில் கூட்டம் கலையாது. அந்தத் தோடியைத்தான் 78 சுழற்சி இசைத்தட்டில் அடக்கினார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். கடலைச் செம்பில் முகப்பது போன்ற வேலை. முகந்திருக்கிறார்! சாகித்யம் இல்லை, சொல் இல்லை, ராகம் மட்டுமே. ஊசியின் கரகரப்புக்கு நடுவே காந்தாரம் மெல்ல அசைந்து எழும்போது உடம்பு சிலிர்க்கிறது. தோடியின் காந்தாரம் அசையாமல் நின்றால் அது தோடியே இல்லை. நாயனத்தில் விரலுக்கு ஏழு துளைதான்; அந்த அசைவு முழுவதும் மூச்சிலும், விரல் துளையை எவ்வளவு மூடுகிறது என்பதிலும், சீவாளியைக் கவ்வும் உதட்டின் இறுக்கத்திலும் இருக்கிறது. இன்று கேட்டாலும் எங்கே மூச்சு வாங்கினார் என்று பிடிக்க முடியவில்லை.

அதுவரை நாயனம் கேட்கக் கோயில் வாசலுக்கோ கல்யாணப் பந்தலுக்கோ போகவேண்டும். தட்டு வந்தபின் காவிரியைப் பார்த்தே இராதவர் வீட்டிலும் திருவாவடுதுறைத் தோடி கேட்டது. பாடகர்களும் கேட்டார்கள். ஜி.என்.பாலசுப்பிரமணியத்தின் மின்னல் வேகப் பிருகாக்களில் ராஜரத்தினத்தின் நாயனம் ஒலிப்பதை ரசிகர்கள் அன்றே கண்டுகொண்டார்கள். பாட்டைப் பின்பற்றி வாத்தியம் வாசிப்பதே வழக்கமாக இருந்த சங்கீதத்தில், பாடகரே வாத்தியத்திடம் பாடம் கேட்டது சாதாரண விஷயமல்ல.

குட்டையான, உச்ச சுருதி கொண்ட திமிரியை விட்டு, நீண்ட பாரி நாயனத்துக்கு ராஜரத்தினம் வந்ததும் இந்தத் தோடியோடு சேர்ந்ததே. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதைச் செய்து கொடுத்தார். முன்பு வாசிப்பவர் போராடிப் பிடிக்கவேண்டியிருந்த சுத்த மத்யமம் அதில் சுத்தமாக நின்றது. தோடிக்கு உரிய மத்யமமும் அதுதான். நாயனக்காரர் நின்றுகொண்டே வாசித்த காலத்தில், மேடையில் சரிசமமாக உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றவரும் அவரே. 1947-ல் சுதந்திரம் பிறந்தபோது டெல்லியில் ஒலித்தது அவர் நாயனம்.

1956 டிசம்பர் 12-ல் மறைந்தார். சீடர் காருகுறிச்சி அருணாசலம் அந்தத் தோடியைத் தெற்கே கொண்டுபோனார். அது அடுத்த வாரம்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய அரக்குத் தட்டுகள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கைதவறினால் நொறுங்கிவிடும். துணியில் சுற்றி நிறுத்தி வையுங்கள். தெரிந்தவரிடம் கொடுத்து ஒலியைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.