கொள்ளைநோய் காட்டிய மூவகைத் தலைமை

நாம் குடியேறி வாழும் இம்மராட்டிய மண்ணில், 1897-ஆம் ஆண்டு புனே நகரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் வாட்டியது. அந்நெருக்கடியில் மூவகைத் தலைமையை அந்நகரம் கண்டது.

முதலாவது, அதிகாரத்தின் தலைமை. பிளேக் குழுவின் தலைவரான ராண்ட், வீடுதோறும் படைவீரரை ஏவிச் சோதனையிட்டார். நோயாளியைப் பிரித்து வைத்தல் தேவையே, ஆயினும் அடுக்களையிலும் பூசையறையிலும் வெள்ளைச் சிப்பாய்கள் புகுந்தமையால், மக்கள் நோயினும் சோதனையையே அஞ்சினர், நோயாளிகளை மறைத்தனர். ஜூன் 22 இரவு ராண்ட் சுடப்பட்டார், சின்னாளில் மாண்டார்.

இரண்டாவது, சொல்லின் தலைமை. வசதி படைத்தோர் பலர் ஊரைவிட்டு அகன்றபோது திலகர் அங்கேயே தங்கினார். மருத்துவமனை நிறுவ முன்னின்றார். ‘கேசரி’ இதழில் அத்துமீறல்களைக் கண்டித்தார். அவ்வாண்டே ராஜத்துரோக வழக்கில் 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

மூன்றாவது, தொண்டின் தலைமை. பெண்கல்விக்கு வித்திட்ட சாவித்திரிபாய் புலே, மருத்துவரான வளர்ப்பு மகன் யஷ்வந்துடன் நோயாளிகளைப் பேணினார். அந்நோய்க்கே இரையாகி மார்ச் 10 அன்று மறைந்தார்.

நோக்கம் நன்றாயினும், மக்களின் நம்பிக்கையைப் பெறாத ஆணை பயன் தராது. அந்நம்பிக்கையோ, துன்பத்தில் உடனிருப்போர்க்கே கிட்டும். பிழைக்க வந்த ஊரில் சங்கம் நடத்தும் நாம் மறவாதிருக்க வேண்டிய பாடம் இது.