செஞ்சிக் குதிரைகளும் சூலை நோயும்

விக்கிரவாண்டிக்கு வடமேற்கே உள்ளது செஞ்சிக் கோட்டை. 1752-இல் அதனைத் தாக்கி மீண்ட ஆங்கிலப் படையைப் பிரெஞ்சுக்காரர் விக்கிரவாண்டியில் முறியடித்தனர். இப்போரை எழுதினோர் பலர். கோட்டையில் இன்றும் நிற்கும் குதிரை லாயங்களில் கட்டுண்ட விலங்குகளின் நோயைக் கருதினோர் அரியர்.

செஞ்சிக்கு நேர்ச்சான்று காணாவிடத்துப் பாண்டிநாட்டுச் செய்தி துணைசெய்யும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளினின்று வந்த குதிரைகள் விரைவில் மடிந்தன என்றும், பரிமருத்துவர் அங்கு இலர் என்றும் எழுதினார். இதுகொண்டு தமிழர் பரிநூலறியார் எனத் துணிதல் சாலாது. குதிரைக்குச் சோறும் இறைச்சியும் ஊட்டினர் என்பவரும், மருத்துவர் வருதலை விற்பனை கருதி வணிகரே தவிர்த்தனர் என்பவரும் அவரே.

தீனியே ஈண்டு முதன்மையாக நோக்கத்தக்கது. ஆவுக்கு இரைப்பை நான்கு அறையுடையது. அசைபோடுதல் நின்றால் உள்நோயை உழவன் உடனே உணர்வான். இடவிலா புடைத்து முரசென ஒலித்தால் உப்புசம் என்பான். குதிரையோ அசைபோடாது, அதன் இரைப்பை சிறிது, வாந்தியெடுக்கவும் அதற்கியலாது. மிகுந்த மாச்சத்து பெருங்குடலிற் புளித்துச் சூலையாகும். விலாவைத் திரும்பித் திரும்பி நோக்குதல், முன்காலால் நிலத்தைப் பறித்தல், புரளுதல், இலத்தி நிற்றல் ஆகியனவே அதன் குறிகள். மாட்டின் குறிகளிற் பழகிய கண் இவற்றைத் தவறவிடுதல் இயல்பே.

தஞ்சைச் சரசுவதி மகால் 1952-இல் பதிப்பித்த, நகுலர் பெயரால் வழங்கும் அசுவசாத்திரம் வடமொழி நூல். லாயத்திற் கொள்ளு வைத்தவன் அதனைக் கற்றிருப்பான் என்று கொள்ளுதற்கு இடமில்லை.