தண்டவாளம் அகன்ற பின்

சிங்கப்பூரின் வட எல்லையான உட்லண்ட்ஸ் பகுதியிலிருந்து தெற்கே தஞ்சோங் பகார் வரை, ரயில் ஓடிய தடத்தின் மீது ஒரு நீண்ட பாதை செல்கிறது. ஏறத்தாழ 24 கிலோமீட்டர். நடப்போர், ஓடுவோர், மிதிவண்டியில் செல்வோர் எல்லோருக்கும் அது பொது. ஒரு நாளில் நடந்து முடித்துவிடலாம். செங்குத்தான ஏற்றம் எங்கும் கிடையாது. மீட்டர் கேஜ் ரயில் ஏறித் திணறக் கூடாது என்பதற்காக மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் யாரோ சமன் செய்து வைத்திருக்கிறார்கள். அந்த ‘யாரோ’வைப் பற்றித்தான் இக்கட்டுரை.

இப்பாதையின் வரலாறு பெரும்பாலும் ஒப்பந்தங்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. 1903இல் முதல் ரயில், செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயில் அமைந்த அதே டேங்க் ரோட்டிலிருந்து புறப்பட்டது. 1918இல் ரயில்வேயும் அதன் நிலமும், 999 ஆண்டுக் குத்தகை உள்ளிட்ட நீண்டகால உரிமைகளோடு, மலாய் கூட்டரசு ரயில்வேக்குக் கைமாறின. காலனி அரசு தன் ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றிய காசு அது. 1965இல் சிங்கப்பூர் தனிநாடானபோது இரு பைகளும் இரு நாடுகளின் சட்டைகளுக்குப் போய்விட்டன. ஒரு நாட்டின் நடுவே ஓடும் தடத்தின் அனுபவ உரிமை மற்றொரு நாட்டின் ரயில்வேயிடம் இருந்தது. 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியா தஞ்சோங் பகாரை விட்டு நகரவில்லை. ஆகவே பயணி முதலில் மலேசியாவுக்குள் ‘நுழைந்து’, அதன் பிறகே சிங்கப்பூரைவிட்டு ‘வெளியேறும்’ வேடிக்கை பதின்மூன்று ஆண்டுகள் நடந்தது.

1990இல் கையெழுத்தான உடன்பாடு இருபதாண்டுப் பிணக்குக்குப் பின், 2010 மே மாதத்தில்தான் முடிவுக்கு வந்தது. 2011 ஜூன் 30 இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். தண்டவாளங்களும் கட்டைகளும் பெயர்க்கப்பட்டு மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. புக்கிட் தீமா பகுதியின் இரண்டு இரும்புப் பாலங்களும், அங்குள்ள சிறு நிலையமும், இன்னும் சில துண்டுகளும் மட்டும் எஞ்சின. தடத்தை அறுபடாத பசுமை வழியாகக் காக்க வேண்டும் என்று இயற்கைச் சங்கம் 2010லேயே முன்வைத்த யோசனைதான் இன்றைய பாதைக்கு வித்து.

இந்தக் கதையில் மன்னர் இருக்கிறார், பிரதமர்கள் இருக்கிறார்கள், மரங்களும் இருக்கின்றன. சல்லி கொட்டியவன் இல்லை.

மலாயா ரயில்வேயின் அடிமட்ட உழைப்பில் தமிழர் பங்கு பெரிது. தமிழ் மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்கள் மண் வெட்டினார்கள், கட்டைகளை மாற்றினார்கள், தண்டவாளத்தைச் சீர்பார்த்தார்கள். நிலைய அதிபர், எழுத்தர் நாற்காலிகளில் யாழ்ப்பாணத்தார் பலர் அமர்ந்தார்கள். ஒரே மொழி பேசிய இவ்விரு சாராருக்கும் இடையே இருந்த தூரம், ரயில்வேயின் சம்பளப் பட்டியல் வகுத்த தூரம் மட்டுமன்று என்பது என் எண்ணம்.

1932ஆம் ஆண்டை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். புக்கிட் தீமாவிலிருந்து புதிய தடம் தஞ்சோங் பகாருக்குத் திருப்பப்பட்டது அந்த ஆண்டில்தான். மே மாதம் திறக்கப்பட்ட நிலையத்தின் முகப்பில் இத்தாலியச் சிற்பி ஆஞ்சலோ வன்னெட்டி செய்த நான்கு பளிங்குருவங்கள் நிற்கின்றன: வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில். காலனியின் செல்வத்துக்குக் காரணமானவை இவை என்று அறிவிக்கும் தோரணை அவற்றுக்கு உண்டு. அதே 1932இல், இதே தடத்தின் ஓரத்தில், குவீன்ஸ்வே அருகே ஒரு குடிசைக் கோயில் இருந்தது. ரயில்வேத் தொழிலாளர்கள் வழிபட்ட முனியாண்டி கோயில். ஊரின் எல்லையில் நின்று காவல் காக்கும் தெய்வம் முனி. ஊரே இல்லாத இடத்தில், தண்டவாளத்தையே எல்லையாகக் கொண்டு அவரை நிறுத்தியிருக்கிறார்கள்.

பளிங்குருவங்கள் இன்று தேசிய நினைவுச் சின்னத்தின் பகுதி. முனியாண்டியோ சாலை விரிவாக்கத்துக்கு வழிவிட்டு இடம் பெயர்ந்தார். 1998 முதல் காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயமாக, பெரிய மண்டபத்தோடு இருக்கிறார். இவ்விடமாற்றத்தைக் குறையாகச் சொல்லவில்லை. கும்பிட ஆளிருந்ததால்தான் தெய்வம் பிழைத்தது. ஆவணக் காப்பகம் செய்யத் தவறியதைப் பூசை செய்திருக்கிறது.

பாதையின் தென்முனையருகே ஸ்பூனர் சாலை வருகிறது. அங்கே ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த அடுக்குமாடிகள் உள்ளன. சாலைக்குப் பெயர் தந்தவர் மலாய் கூட்டரசு ரயில்வேயின் பொது மேலாளராக இருந்த சார்லஸ் எட்வின் ஸ்பூனர்.