சங்கிலி வாளை இயக்கத் தொடங்கும் முறைகள்

சங்கிலி வாள் என்பது மரங்களை வெட்டவும், கிளைகளைக் கழிக்கவும், அடிமரங்களைத் துண்டாக்கவும் பயன்படும் கையடக்கப் பொறி ஆகும். இது சங்கிலி ரம்பம் எனவும், பேச்சு வழக்கில் செயின் சா, மரம் அறுக்கும் மெஷின் எனவும் அழைக்கப்படுகிறது. ஒரு சட்டத்தைச் சுற்றி விரைந்தோடும் பற்சங்கிலியே இதன் வெட்டும் உறுப்பு. முழு வேகத்தில் இச்சங்கிலி நொடிக்கு 20 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடக்கூடியது.

மரத்தை அறுக்கும்போது இரு கைகளும் வாளைப் பற்றியிருக்கும். ஆனால் பெட்ரோல் எந்திரத்தைத் தொடங்கும்போது ஒரு கை கயிற்றை இழுக்க வேண்டியிருப்பதால், வாள் ஒரு கைப்பிடியிலேயே நிற்கிறது. விலகிய கையின் வேலையைத் தரையோ, காலோ, தொடையோ ஏற்க வேண்டும் என்பதே பாதுகாப்பான தொடக்க முறைகள் அனைத்துக்கும் அடிப்படையாகும்.

வரலாறு

செருமனியைச் சேர்ந்த அந்திரேயாசு இசுட்டீல் 1926-இல் மின்சாரச் சங்கிலி வாளையும், 1929-இல் பெட்ரோல் சங்கிலி வாளையும் உருவாக்கினார். இவை இருவர் சேர்ந்து இயக்கும் பெரும் கருவிகள். ஒருவரே இயக்கக்கூடிய பெட்ரோல் வாளை அவருடைய நிறுவனம் 1950-இல் வெளியிட்டது. ஒருவர் வாள் பரவியபின் வாளைப் பிடிப்பதும் கயிற்றை இழுப்பதும் ஒரே ஆளின் பொறுப்பாயின.

தொடக்கத்தில் சங்கிலி சுழல்வது ஏன்?

பெட்ரோல் வாளின் எந்திரமும் சங்கிலியும் மையவிலகு கிளட்ச் ஒன்றினால் இணைக்கப்பட்டுள்ளன. எந்திரம் மெதுவாக ஓடும்போது, அதாவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,500 முதல் 3,000 சுற்றுகள் வரை, கிளட்ச் பற்றுவதில்லை. சங்கிலி அசையாது நிற்கும். வேகம் கூடும்போது கிளட்சின் எடைகள் வெளிப்புறமாக விரிந்து உருளையைப் பற்றிச் சங்கிலியைச் சுழற்றுகின்றன.

குளிர்ந்த எந்திரம் எளிதில் பற்றுவதில்லை. ஆகவே சோக் என்னும் அடைப்பான் காற்றைக் குறைத்து எரிபொருள் செறிந்த கலவையைத் தருகிறது. பல வாள்களில் சோக்கை இழுத்தவுடன் முடுக்கியும் ஓரளவு திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும். இந்நிலையில் எந்திரம் பற்றினால் அதன் வேகம் கிளட்ச் பற்றும் எல்லையைத் தாண்டிவிடும். பிரேக் போடப்படாவிட்டால் சங்கிலி அக்கணமே சுழலத் தொடங்கும். அப்போது வாளைப் பற்றியிருப்பது ஒரே ஒரு கை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

சங்கிலி பிரேக் என்பது கிளட்ச் உருளையை இறுக்கிப் பிடிக்கும் ஓர் எஃகுப் பட்டை ஆகும். முன் கைப்பிடிக்கு முன்னால் உள்ள கைக்காப்பை முன்னோக்கித் தள்ளினால் பிரேக் விழும்; பின்னோக்கி இழுத்தால் விடுபடும்.

முன்னேற்பாடுகள்

* தலைக்கவசம், முகவலை, காதுக்காப்பு, கையுறை, வெட்டுத் தாங்கும் காற்சட்டை, காலணி ஆகியவற்றை அணிதல். எந்திரத்தின் ஒலி 100 டெசிபலைக் கடக்கக்கூடியது.
* எந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு எரிபொருள் நிரப்புதல், சிந்தியதைத் துடைத்தல், நிரப்பிய இடத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளிச் சென்று தொடங்குதல்.
* மூடிய அறையில் தொடங்காதிருத்தல். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நச்சுத்தன்மை உடையது.
* வாளின் உறையைக் கழற்றுதல். சட்டத்தின் நுனி கல், மண், கிளை எதையும் தொடாதபடி பார்த்துக்கொள்ளுதல்.
* பிறரை, குறிப்பாகச் சிறுவர்களை, விலகி நிற்கச் செய்தல்.

தரையில் வைத்துத் தொடங்குதல்

குளிர்ந்த எந்திரத்திற்கும் புதிதாகப் பழகுவோருக்கும் இம்முறையே ஏற்றது.

1. வாளைச் சமமான, உறுதியான தரையில் வைத்துப் பிரேக்கைப் போட வேண்டும்.
2. இடக்கையை நேராக நீட்டி முன் கைப்பிடியைப் பற்ற வேண்டும். பெருவிரல் கைப்பிடியின் அடியில் சுற்றியிருக்க வேண்டும்.
3. வலக்காலின் முன்பகுதியைப் பின் கைப்பிடிக்குள் நுழைத்துத் தரையோடு அழுத்த வேண்டும்.
4. சோக்கை இழுத்து, வலக்கையால் கயிற்றை மெல்ல இழுத்துத் தடை தெரியும் இடத்திலிருந்து விரைந்து இழுக்க வேண்டும்.
5. எந்திரம் ஒருமுறை இருமி நின்றதும் சோக்கை ஒரு படி தள்ளி, மீண்டும் இழுக்க வேண்டும்.
6. எந்திரம் பற்றியதும் முடுக்கியை ஒருமுறை தட்டிவிட்டால் அதன் பூட்டு விடுபட்டு வேகம் தணியும். அதன் பின்னரே, இரு கைகளாலும் வாளைப் பற்றிய நிலையில், பிரேக்கை விடுவிக்க வேண்டும்.

கயிற்றை முழு நீளத்திற்கும் இழுப்பதும், இழுத்தபின் கைவிடுவதும் கூடாது; கையால் தாங்கியபடியே உள்ளே சுருளவிட வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும் தவறு. எந்திரம் எதிர்த்து உதைத்தால் கை காயமடையும்.

தொடைகளுக்கிடையே பற்றித் தொடங்குதல்

ஏற்கெனவே சூடான எந்திரத்திற்கு இம்முறை வசதியானது. பின் கைப்பிடியை முழங்காலுக்குச் சற்று மேலே இரு தொடைகளுக்கும் இடையே இறுக்கி, இடக்கையால் முன் கைப்பிடியைப் பற்றி, வலக்கையால் கயிறு இழுக்கப்படுகிறது. வாளின் நுனி உடலிலிருந்து விலகி முன்னோக்கியிருக்க வேண்டும். இங்கும் பிரேக் போடுவது கட்டாயம்.

தவிர்க்க வேண்டிய முறை

வாளை ஒரு கையால் காற்றில் பிடித்து, கீழே வீசியபடியே மறு கையால் கயிற்றை இழுப்பது பலரிடம் காணப்படும் வழக்கமாகும். வாளின் எடையே இழுப்புக்கு உதவுவதால் இது எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் இழுக்கும் விசை வாளைத் திருப்பக்கூடியது. அதைத் தடுக்க இரண்டாவது பிடி எதுவும் இல்லை. ஊசலாடும் சட்டம் காலையோ தொடையையோ தாக்கலாம். ஐக்கிய அமெரிக்காவில் மரம் வெட்டும் தொழிலுக்கென 1994-இல் வெளியான தொழிற்பாதுகாப்பு விதிகள் இம்முறையைத் தடை செய்கின்றன. வாளைத் தரையிலோ வேறு உறுதியான தாங்கலிலோ வைத்து, பிரேக் போட்ட நிலையிலேயே தொடங்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன.

தொடங்கியபின் சரிபார்த்தல்

பிரேக்கை விடுவித்து, முடுக்கியை அழுத்தாத நிலையில் சங்கிலி அசையாது நிற்க வேண்டும். சுழன்றால் எந்திர வேகத்தைச் சரிசெய்யும் வரை வாளைப் பயன்படுத்தலாகாது. பிரேக் போட்டபடி முடுக்கியை நீண்ட நேரம் அழுத்தினால் கிளட்ச் சூடேறித் தேயும்.

மின்கல வாள்கள்

மின்கலத்தால் இயங்கும் வாள்களில் கயிறும் சோக்கும் இல்லை. ஆயினும் இவற்றில் ஓடும் ஒலி என்ற எச்சரிக்கையும் இல்லை. பூட்டை விடுவித்து விசையை அழுத்தியவுடன் சங்கிலி சுழலும். எனவே இரு கைகளாலும் பற்றிய பின்னரே விசையைத் தொட வேண்டும். சங்கிலியைத் தொடும் முன் மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும்.

புயலுக்குப் பின்

2016-இல் சென்னையைத் தாக்கிய வர்தா புயலிலும், 2018-இல் காவிரிப் படுகையைத் தாக்கிய கஜா புயலிலும் பெருந்தொகையான மரங்கள் சாய்ந்தன. இத்தகைய இடங்களில் வாளை வைக்கச் சமதரை கிடைப்பது அரிது. சாய்ந்த மரத்தின் மேலோ கிளைக் குவியலின் மேலோ நின்று கயிற்றை இழுக்காமல், சில அடிகள் விலகி வெற்றிடத்தில் தொடங்கி, பிரேக் போட்டபடியே மரத்தருகே கொண்டு வருவது பாதுகாப்பானது.