ஊரடங்கில் எங்கள் குழு சிரித்த கதை



இந்த மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் உதறல்தான். நான் பத்தாவது வரை படித்தவள். வரலாறு என்றால் 1989இல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கியது, நம்ம அழகர்கோவில் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மா காலைத் தொட்டுப் பிரதமர் வாஜ்பாய் கும்பிட்டது, அந்த அம்மாவுக்கு 2019இல் பத்மஸ்ரீ கொடுத்தது, இதெல்லாம்தான் வரலாறு என்று நினைத்திருந்தேன். அதை என்னைவிட நன்றாக எழுத நம்மில் ஆள் இருக்கிறார்கள். நான் கண்ணால் பார்த்த வரலாறு ஒன்று உண்டு. 2020ஆம் வருசத்துப் பங்குனி, சித்திரை. இப்போது ஒன்றாவது படிக்கிற பிள்ளையிடம் சொன்னால் பாட்டி கதை மாதிரி கேட்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை ரோட்டில், வலையங்குளம் பக்கம். மல்லிகைத் தோட்டம்தான் எங்களுக்குச் சோறு போடுவது. விமானம் எங்கள் தலைக்கு மேலேதான் தாழ இறங்கும். அந்தச் சத்தத்தை வைத்தே உலை வைக்கிற பொம்பளைகள் உண்டு.

மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை சுய ஊரடங்கு என்றார்கள். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கை தட்டச் சொன்னார்கள். நம்ம ஊரில் கை தட்டினால் போதுமா? தாம்பாளம், சருவச்சட்டி, இட்லிக் கொப்பரை மூடி என்று எடுத்துக்கொண்டு வந்து அடித்தோம். பட்டியில் கிடந்த ஆடு மிரண்டு கம்மாய்க்குள் ஓடிவிட்டது. எங்கள் அப்பத்தா காது மந்தம். "எந்த வீட்டுல பாம்பு பூந்துருச்சு?" என்று கம்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றது. அன்றைக்கு அது ஒரு திருவிழா மாதிரிதான் இருந்தது.

மறுநாளுக்கு மறுநாள், 24ஆம் தேதி சாயங்காலம் 6 மணிக்கு 144 போட்டார்கள். அன்று ராத்திரியே நாடு முழுக்க 21 நாள் என்று பிரதமர் டிவியில் சொன்னார். விடிவதற்குள் இன்னொரு செய்தி. தமிழ்நாட்டில் கொரோனாவுக்கு முதல் சாவு. அதுவும் நம்ம பெரியாஸ்பத்திரியில், மதுரைக்காரர், 54 வயசு. அதுவரைக்கும் சீனா, இத்தாலி என்று இருந்தது. ஒரே ராத்திரியில் நம்ம வாசலுக்கு வந்துவிட்டது. அன்று காலையில் தெருக்குழாயில் யாரும் யாரோடும் பேசவில்லை. குடம் நிறைகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஊர் எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். வேப்பிலையும் மஞ்சளும் கரைத்துத் தெருவெல்லாம் தெளித்தோம். அப்பத்தா மட்டும் அசரவில்லை. அதன் சின்ன வயசில் ஆத்தா இறங்கின வீட்டில் வேப்பிலை சொருகிவிட்டால் ஒருத்தரும் உள்ளே போக மாட்டார்களாம், கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு வருவார்களாம். "இதுக்கு இப்ப இங்கிலீசுல பேரு வச்சிருக்கீக" என்றது. பெரியம்மை 1975க்குப் பிறகு நம் நாட்டில் இல்லாமலே போய்விட்டது. அதைப் பார்த்த கண் அப்பத்தாவோடது. நாங்கள்தான் பார்க்காதவர்கள், அதனால் பயந்தோம்.

பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மல்லிகைக்கு அதுதான் நல்ல வரத்துக் காலம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் அடைத்துக் கிடந்தது. கோவில் இல்லை, கல்யாணம் இல்லை, வண்டி இல்லை. புவிசார் குறியீடு வாங்கின மதுரை மல்லி. அந்தப் பூவைப் பறிக்காமல் விட்டால் செடிக்கு ஆகாது என்று விடியக்காலம் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போய்ப் பறித்து, அப்படியே வரப்பில் கொட்டினோம். மனசு கேட்கவில்லை, கொஞ்சம் வீட்டுக்கும் கொண்டு வந்தோம். ஊரில் எல்லாப் பொம்பளைப் பிள்ளைக்கும் கல்யாணப் பெண் மாதிரி தலை நிறையப் பூ. எங்கள் குழுவில் பூக்கட்டுகிற மதினி ஒருத்தர் இருக்கிறார். அவர் நாலு முழம் கட்டி வெள்ளாட்டுக்குப் போட்டுவிட்டு, "இன்னைக்கு இவளுக்குச் சீமந்தம்" என்றார். சிரித்தோம். சிரித்துக்கொண்டே வரப்பைப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் பூ வாடிக் கிடக்கிறது. அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியவில்லை.

அந்த மதினியைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பக்கம் பங்குனி சித்திரையில் கோவில் திருவிழா என்றால் நாடகம் போடுவார்கள், பபூன் வந்தால்தான் கூட்டம் எழுந்திருக்காது. அந்த வருசம் நாடகமும் இல்லை, பபூனும் இல்லை. நாடகக்காரர்கள் பாடு அதைவிடத் திண்டாட்டம். மதினி எங்கள் குழுவின் வாட்ஸ்ஆப்பில் தினமும் ராத்திரி ஒரு குரல் பதிவு போட ஆரம்பித்தார். ஊர்ச் செய்தியைப் பபூன் மாதிரி சொல்வார். குழுக் கூட்டம் நின்றுபோன அந்த மாதங்களில் நாங்கள் 14 பேரும் ஒன்றாக இருந்தது அந்த இரண்டு நிமிசத்தில்தான். போன் இல்லாத மூணு பேர் பக்கத்து வீட்டுத் திண்ணையில் வந்து கேட்டார்கள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ரேசன் கடையில் 1000 ரூபாயும், அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ சீனி, ஒரு லிட்டர் எண்ணெயும் கொடுத்தார்கள். டோக்கன் வீட்டுக்கே வந்தது. கடை முன்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு வட்டத்தில் நிற்கச் சொன்னார்கள். வெயில் கொளுத்தியது. நாங்கள் என்ன செய்தோம்? வட்டத்துக்கு ஒரு பையை வைத்தோம், பை இல்லாதவர் செருப்பை வைத்தார், ஒருத்தர் எண்ணெய்க் கேனை வைத்தார். வைத்துவிட்டு எல்லாரும் வேப்பமரத்தடியில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டோம். அன்று ராத்திரி மதினி பதிவில், "நம்ம ஊருல பைக்கும் செருப்புக்கும் கொரோனா வரவே வராது, அவ்வளவு கட்டுப்பாடு" என்றார். சிரிப்போடு வெட்கமும் வந்தது. மறுதடவை தள்ளித்தான் உட்கார்ந்தோம். அதிகாரி வந்து சொல்லியிருந்தால் கேட்டிருப்போமா என்பது சந்தேகம்.

முகக்கவசம் தைக்கிற வேலை குழுக்களுக்கு வந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். துணி வந்தது, எலாஸ்டிக் எங்கும் கிடைக்கவில்லை. பாவாடை நாடாவை வெட்டிப் போட்டுத் தைத்தோம். முதலில் தைத்ததை வீட்டு ஆம்பிளைகளுக்கு மாட்டிப் பார்த்தோம். என் வீட்டுக்காரர், "இது என்ன நாடா?" என்று கேட்டார். நான் இன்னும் சொல்லவில்லை. இந்த மலரைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

கடன் விசயத்தில் சிரிப்பு இல்லை. மார்ச் 27ஆம் தேதி ரிசர்வ் வங்கி மூணு மாதம் தவணையைத் தள்ளி வைக்கலாம் என்று சொன்னது, பிறகு ஆகஸ்ட் வரை நீட்டித்தது. தள்ளிவைப்பு என்பது தள்ளுபடி இல்லை, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதைப் பலர் பிறகுதான் புரிந்துகொண்டோம். ஒரு தனியார் கம்பெனியின் வசூல் தம்பி அந்தத் தள்ளிவைப்பு நாட்களிலேயே போன் போட்டு மிரட்டினார். எங்கள் ஊக்குநர் அக்கா போனை வாங்கி, "நேர்ல வாங்க தம்பி, ஊருக்குள்ள வந்தா பதினாலு நாள் பள்ளிக்கூடத்துல வைப்பாக, சாப்பாடு நாங்க தர்றோம்" என்றார். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

இனி டாஸ்மாக். மார்ச் 24இல் மூடியது மே 7 வரைக்கும் திறக்கவில்லை. ஒன்றரை மாசம் எங்கள் தெருவில் ராத்திரி சண்டைச் சத்தம் குறைந்தது. எல்லா வீட்டிலும் நல்லதாகிவிட்டது என்று எழுதினால் பொய். குடி கிடைக்காத கோபத்தில் அடி வாங்கின வீடும் இருந்தது. ஆனாலும் சில ஆம்பிளைகள் வெங்காயம் உரிக்கக் கற்றார்கள். சலூன் மூடியிருந்ததால் பெஞ்சாதியிடம் தலையைக் கொடுத்தார்கள். அரிவாள்மனையைத் தவிர எதையும் பிடித்தறியாத ஒரு சித்தி வெட்டிவிட்ட தலையைப் பார்த்து ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. மே 7இல் கடையைத் திறந்தபோது வயசு வாரியாக நேரம் வைத்தார்கள். 50க்கு மேலே உள்ளவர்களுக்குக் காலை 10 மணி, 40க்குக் கீழே என்றால் மதியம் 3 மணிக்கு மேல்தான். பொண்ணு பார்க்கப் போனபோது வயசைக் குறைத்துச் சொன்னவரெல்லாம் அன்று கூட்டிச் சொன்னார்கள் என்று மதினி பதிவு போட்டார். பல ஊர்களில் பெண்கள் கடைக்கு முன்னால் உட்கார்ந்து மறித்தார்கள். மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்சநீதிமன்றம் அதை நிறுத்தி வைத்ததும் 16ஆம் தேதி திரும்பத் திறந்தார்கள். சேர்த்து வைத்த சிறுவாட்டுக் காசும் திரும்பப் போனது.

சித்திரைத் திருவிழா இல்லாத சித்திரையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மே 4ஆம் தேதி மீனாட்சி கல்யாணம் சனமே இல்லாமல் நடந்தது. நாங்கள் போனில் பார்த்துக்கொண்டே வீட்டுச் சாமி முன்னால் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டோம். அழகர் ஆற்றில் இறங்கவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து சேருவதற்குள் தாலி கட்டி முடித்துவிட்டார்கள் என்று வருசா வருசம் கோபித்துக்கொண்டு திரும்புகிற அண்ணன் அவர். "இந்த வருசம் அண்ணனுக்குக் கோவமே இல்ல, ஈ பாஸ் கிடைக்கல" என்று அப்பத்தாவே சொல்லிச் சிரித்தது.

நான் எழுதத் தயங்கின இடம் இதுதான்.

மே முதல் வாரம் சென்னைக் கோயம்பேட்டு மார்க்கெட்டில் நோய் பரவி, 5ஆம் தேதி மூடினார்கள். எங்கள் குழுவில் கடைசி வீட்டு அக்காவின் மகன் அங்கே மூட்டை தூக்குகிற வேலை. காய்கறி லாரியில் ஏறி, கொஞ்ச தூரம் நடந்து, ஒரு விடியக்காலம் ஊர் முள்ளுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். உள்ளே விடவில்லை. அவன் அம்மா இந்தப் பக்கம் நிற்கிறார், அவன் அந்தப் பக்கம் நிற்கிறான். பத்து மணிக்கு வண்டி வந்து பரிசோதனைக்குக் கூட்டிப் போனார்கள். மதுரையில் ஒரு காலேஜில் வைத்திருந்தார்கள்.

அன்று ராத்திரி மதினியின் பதிவு: "கோயம்பேட்டுத் தக்காளி ஒண்ணு ஊருக்கு வந்திருக்கு. அழுகலா நல்லதான்னு தெரியல. யாரும் தொடாதீக." எல்லாரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். மூணு போட்டேன்.

கடைசி வீட்டு அக்காவும் அதே வாட்ஸ்ஆப்பில் இருக்கிறார் என்பது அந்த நேரத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பத்து நிமிசம் கழித்து அவர் விலகிவிட்டார் என்று போனில் எழுத்து வந்தது. மறுநாள் அவர் வீட்டு வாசலில் யாரோ முள் போட்டிருந்தார்கள். மூணு நாள் அவர் குழாய்க்கு வரவில்லை. நோய் இருக்கிற வீட்டைத் தள்ளி வைத்த அந்தக் காலத்தில்கூட வாசலில் கஞ்சி வைத்தார்களே என்று அப்பத்தா கேட்டது. பதில் சொல்ல வாய் இல்லை.

நாலாம் நாள் மதினிதான் முதலில் போனார். முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு குடம் தண்ணீரை வைத்துவிட்டு, தெருவிலேயே நின்று, "அக்கா, அழுகல் தக்காளி நான்தான். வஞ்சிருங்க" என்றார். உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. மறுநாளும் வைத்தார். பிறகு நாங்கள் முறை போட்டுக்கொண்டோம். தண்ணீர் ஒருத்தர், குழம்பு ஒருத்தர், கபசுரக் குடிநீர் ஒருத்தர். பாத்திரம் கழுவித் திரும்பி வரும், பேச்சு வராது. பையனுக்கு நோய் இல்லை என்று முடிவு வந்து, தனிமை நாளும் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் பேச்சு வரவில்லை. அந்த இரவுப் பதிவை மதினி அதோடு நிறுத்திவிட்டார். நாங்கள் கேட்டும் போடவில்லை.

மே 25இல் விமானம் திரும்பப் பறந்தது. பிள்ளைகள் மொட்டைமாடியில் ஏறிக் கத்தினார்கள். மேலமடையில் சலூன் வைத்திருந்த மோகன் என்பவர், மகள் படிப்புக்குச் சேர்த்த 5 லட்சத்தை எடுத்து ஏழைகளுக்குப் பொருள் வாங்கிக் கொடுத்ததைப் பிரதமர் ரேடியோவில் சொன்னார். ஜூன் 24இலிருந்து மதுரை மாநகராட்சிக்கும் எங்கள் திருப்பரங்குன்றம் ஒன்றியத்துக்கும் திரும்பவும் கடும் ஊரடங்கு, ஜூலை நடுவில்தான் தளர்ந்தது. அந்த ஜூலையில் மதுரையில் ஒரு ஓட்டலில் முகக்கவசம் மாதிரியே பரோட்டா போட்டார்கள், டெல்லி டிவி வரைக்கும் காட்டினார்கள். நோயாளியைச் சிரிக்காமல் நோயைச் சிரிக்கிற வேலை அது. எங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் போச்சே என்று எனக்கு அப்போது தோன்றியது.

ஆகஸ்ட் மாதம் குழுக் கூட்டம் திரும்பக் கூடினோம். சமுதாயக் கூடம் வேண்டாம் என்று வேப்பமரத்தடியில், ஒவ்வொருத்தரும் கை நீட்டினால் எட்டாத தூரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தோம். கடைசி வீட்டு அக்கா வருவாரா என்று எல்லார் கண்ணும் அந்தத் தெரு முனையில்தான். வந்தார். அஞ்சு மாதச் சேமிப்பையும் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். மதினி தலையைக் குனிந்துகொண்டார். அக்கா நேராக அவருக்குப் பக்கத்துச் சாக்கில் உட்காரப் போய், அப்படியே நின்றார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருத்தா, தக்காளி வந்திருக்கு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரே முதலில் சிரித்த பிறகுதான் எங்களுக்குச் சத்தம் வந்தது. மதினி சிரிக்கவில்லை, அழுதார். ஊக்குநர் அக்கா தீர்மான நோட்டைத் திறந்து வருகை 14 பேர் என்று எழுதினார். கடைசியாக எழுதின பக்கத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு வரிகூட இல்லை.